திருமயம் கோட்டைக்கு அரை மணி நேரம் போதுமா?

கேள்வி, 9 ஜனவரி 2024

காரைக்குடியில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. திருமயம் கோட்டையைச் சேர்த்தால் நேரம் வீண் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். மேலே ஒரு பீரங்கி, சுற்றிலும் பாறை, அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாமாம். உண்மையா?

9 ஜனவரி, இரவு

அரை மணி நேரத்தில் ஏறி இறங்க முடியும். முதல் தடவை நானும் அப்படித்தான் இறங்கினேன். வாடகைக் கார், மதியம் பன்னிரண்டு மணி, சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று ஓட்டுநர் கீழேயிருந்து இரண்டு தரம் போன் பண்ணிவிட்டார். பாறை கொதித்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டோம். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை போயாகிவிட்டது. இப்போது கேட்டால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள் என்பேன். காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் ஏறினால் திருமயத்தில் இறங்கிக்கொள்ளலாம். காலையிலேயே போய்விடுங்கள். ஊருக்குள் நடந்து தெற்கு வாசல் வழியாக உள்ளே நுழைய வேண்டும். சீட்டு வாங்கிய கையோடு உச்சிக்கு ஏறிவிடாதீர்கள். முதலில் மதிலை ஒட்டி நடந்து பாருங்கள். அடியில் கல், மேலே செங்கல் கட்டு, அதில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள். ஒவ்வொரு துளையிலும் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு திசையும் வரும்: ஒன்றில் ஊர், ஒன்றில் கண்மாய், ஒன்றில் ரோடு. கோட்டை எதற்குக் கட்டினார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. புதுக்கோட்டைத் தொண்டைமான் கட்டிய கோட்டை இது, வடக்கே இருந்து ஒரு படை வந்தால் எவ்வளவு தூரத்தில் தூசி கிளம்பும் என்பதை மேலே நின்றால் கணக்குப் போடலாம்.

10 ஜனவரி, காலை

நேற்று எழுதியதில் பெரிய பிழை ஒன்று. தூங்கப் போகும்போதே உறுத்தியது. கோட்டையைக் கட்டியவர் தொண்டைமான் இல்லை. ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, 1687-இல். அப்போது திருமயம் சேதுபதி சீமையின் வடக்கு ஓரம். புதுக்கோட்டையில் தொண்டைமான் ஆட்சியைத் தொடங்கிய ரகுநாதராயத் தொண்டைமானின் உடன்பிறந்தவர் காதலி நாச்சியார் சேதுபதிக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். மைத்துனர்கள் இருவர். அவர்களுக்குப் பிந்தைய தலைமுறையில்தான் கோட்டை தொண்டைமான்கள் கைக்கு வந்து, புதுக்கோட்டை சமஸ்தானத்தோடு சேர்ந்தது. இன்றைக்கும் திருமயம் புதுக்கோட்டை மாவட்டம்தான், காரைக்குடி சிவகங்கை மாவட்டம். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

வடக்கே இருந்து படை வந்தால் என்று எழுதியதும் இதனால்தான் குழம்பிவிட்டது. கட்டியவர் தெற்கே இருந்தார், வடக்கை நோக்கிக் கட்டினார். பிற்பாடு கையில் வைத்திருந்தவர்கள் வடக்கே இருந்தார்கள், தெற்கைப் பார்த்துக் காவல் காத்தார்கள். கோட்டை அதேதான், காவலின் திசைதான் மாறியது.

ஏழு சுற்று மதில் இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது மிஞ்சியிருப்பது நான்கு.

10 ஜனவரி, மாலை

கோயில் எப்போது திறந்திருக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மலையின் தெற்கு அடிவாரத்தில் இரண்டு குடைவரைக் கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. சிவன் சத்தியகிரீஸ்வரர், பெருமாள் சத்தியமூர்த்தி. மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஆகவே கோட்டைக்கு முன்பு கோயிலா பின்பு கோயிலா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கோயிலை முதலில் வைப்பேன். பாறையைக் குடைந்து பள்ளிகொண்ட பெருமாளின் நீளத்தைக் கண்ணால் ஒரே தடவையில் அள்ள முடியாது. தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் வரை நடந்து பார்க்க வேண்டும். மது, கைடபர் என்ற அசுரர்கள் ஆதிசேடன் கக்கும் தீக்குப் பயந்து கால்பக்கம் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தைக் கல்லில் செதுக்கியவன் கையை வணங்க வேண்டும். திருமங்கையாழ்வார் பாடிய தலம்.

இரண்டு கோயிலுக்கும் நடுவே பழைய வழக்கு ஒன்று உண்டு. நிலம், வருமானம், எல்லை என்று இரண்டு தரப்பாரும் நெடுநாள் சண்டையிட்டு, கடைசியில் 1245-இல் ஹொய்சளத் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் பேசித் தீர்த்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சிவன் கோயிலில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. குடுமியான்மலையில் இருப்பது போன்ற பழைய இசைக் கல்வெட்டு இங்கேயும் இருந்தது. அதைச் செதுக்கி அழித்துவிட்டு மேலே வேறு எழுதிவிட்டார்கள். மிஞ்சியவற்றில் பரிவாதினி என்ற வீணையின் பெயர் படிக்கும்படி இருக்கிறது. நான் வீணை கற்கவில்லை, பாட்டும் வராது. ஆனாலும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும்போது மனது கனத்துவிடுகிறது.

14 ஜனவரி

பெயரைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் திருமயம் கோட்டை என்று பெரியவர்கள் சொல்லமாட்டார்கள், ஊமையன் கோட்டை என்பார்கள். ஊமையன் என்பது கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. அவர் இங்கே ஒளிந்திருந்தார் என்று ஒரு பேச்சு, இங்கே சிறை வைத்திருந்தார்கள் என்று இன்னொரு பேச்சு, அவரே கட்டினார் என்றுகூட என் அப்பத்தா சொல்வார். கட்டவில்லை, அது நிச்சயம். கோட்டை எழும்பும்போது அவர் பிறக்கவே இல்லை.

மற்ற இரண்டும் எனக்கு இடிக்கிறது. கணக்குப் பாருங்கள். கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சியை விட்டு வடக்கே தப்பி வந்தபோது, திருக்களம்பூர்க் காட்டில் அவரைப் பிடித்துக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. ஊமைத்துரையை அடைத்தது பாளையங்கோட்டைச் சிறையில். 1801 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சியைத் திரும்பக் கட்டி, அதுவும் விழுந்தபின் சிவகங்கைச் சீமையில் மருது சகோதரர்களிடம் வந்து சேர்ந்தார். அண்ணனைப் பிடித்துக் கொடுத்தவரின் கோட்டைக்குள் தம்பி எப்படி ஒளிந்திருப்பார்? ஆகவே பெயர் தவறு. கோட்டையின் பெயர்ப் பலகையில் அதைப் போடக்கூடாது என்பது என் கருத்து.

22 ஜனவரி

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். "எங்கள் ஊர்ப் பெயரை எடுக்க நீங்கள் யார்?" என்று. ஒரு வாரம் யோசித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊமைத்துரை அங்கே இருக்கவில்லை என்று நான் எழுதியதை மாற்றமாட்டேன். ஆனால் பெயர் தவறு என்றது அதிகப்படி. தொண்டைமான் ஆண்ட சீமையில், தொண்டைமான் கோட்டைக்கே, தொண்டைமான் பிடித்துக் கொடுத்தவரின் தம்பி பெயரை மக்கள் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்த அதிகாரியும் வைத்த பெயர் இல்லை அது. அப்பத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். அது ஏன் என்று சிறு வயதில் கேட்கத் தோன்றவில்லை, இப்போது கேட்க அவர் இல்லை.

பலகையில் இரண்டையும் போடட்டும். கட்டியவர் பெயரும் வேண்டும், மக்கள் வைத்த பெயரும் வேண்டும்.

23 ஜனவரி

சுருக்கமாக: செருப்பு போட்டுக்கொண்டு ஏறலாம், வழுக்காத செருப்பாக இருக்கட்டும். தண்ணீர் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். குரங்கு உண்டு, பையில் தின்பண்டம் தெரியும்படி வைக்காதீர்கள். மேற்குச் சரிவில் பாதி உயரத்தில் பாறைக்குள் ஒரு அறை இருக்கிறது, வெடிமருந்துக் கிடங்கு என்கிறார்கள். அதன் பக்கத்தில் இரும்பு ஏணி வழியாக ஏறினால் சின்னக் குடைவரையில் ஒரு லிங்கம். மருந்துக் கிடங்குக்குப் பக்கத்தில் சிவனை வைத்துக் காவல் காத்தவர்களின் மனது எனக்குப் புரிகிறது. உச்சியில் பீரங்கி மேடை. அங்கே காற்று எப்போதும் இருக்கும், வெயிலும் இருக்கும்.

4 பிப்ரவரி

"ராணுவத் தளம் என்றால் கோட்டை மட்டும்தானா, செட்டிநாட்டில் விமானத் தளமே இருந்ததே?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம். செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறது. பண்ணையில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. நான் ஒரே ஒரு தடவை, தெரிந்தவர் ஒருவர் அங்கே வேலை பார்த்தபோது போனேன். புல் முளைத்த நீளமான தளம், ஓரத்தில் மாடுகள். பார்க்க வேறொன்றும் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும்.

எனக்கு அந்தத் தளத்தையும் கானாடுகாத்தான் வீடுகளையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவின் மறு கரையில் நிற்கிறான் என்ற பயத்தில்தான் இந்தக் கரை முழுக்கத் தளங்கள் எழும்பின. அதே ரங்கூனில்தான் எங்கள் ஊர் நகரத்தார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடத்திய இடங்கள். 1930-களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் கையில் இருந்தது. பணப்புழக்கம் சரிந்த காலத்தில் கடன் திரும்பாமல் அடைமானமாக வந்து சேர்ந்த நிலம். ரங்கூன் விழுந்ததும் காட்டு வழியாக நடந்தே திரும்பியவர்கள் பல பேர், வழியிலேயே உயிர்விட்டவர்களும் பல பேர். கானாடுகாத்தானில் தேக்குத் தூணைத் தொட்டுப் பார்த்து "பர்மா தேக்கு, பர்மா தேக்கு" என்று வியப்பவர்கள், அங்கேயிருந்து நாலைந்து கிலோமீட்டரில் இருக்கும் ஓடுதளத்தையும் மனதில் வைத்துக்கொண்டு தூணைத் தொட வேண்டும்.

5 பிப்ரவரி

நாலைந்து கிலோமீட்டர் என்று எழுதியதை அளந்து சொல்லவில்லை. பக்கம்தான், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

11 மார்ச்

காரைக்குடிக்குள் என்ன பார்க்கலாம் என்று முதலில் கேட்ட நண்பரே மறுபடி கேட்டிருக்கிறார். பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டாராம். என் விருப்பத்தைச் சொல்கிறேன்.

ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே விடமாட்டார்கள். கானாடுகாத்தான் அரண்மனையும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான். ஆத்தங்குடியில் ஒரு வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள், முகப்பும் வளவும் (உள் முற்றம்) பட்டாலையும் (கூடம்) நின்று நிதானமாகப் பார்க்கலாம். அதே ஊரில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் குழம்பைக் கைக்கரண்டியால் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

கம்பன் மணிமண்டபத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் காரைக்குடியின் பெரிய சொத்து. அந்த வளாகத்திலேயே தமிழ்த்தாய்க்குக் கோயில். அழகப்பா கல்லூரிகள் பக்கம் போனால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கழகத்தின் வாசலைப் பாருங்கள். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டியது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் அது சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமல் இந்த முந்திரிக்காட்டுக்கு வந்தது. என் அண்ணன் அங்கே பயிற்சிக்குப் போனான், ஆகையால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம்.

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு: வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் காலையில் சாப்பிட்டுவிட்டுத் திருமயம் ஏறுங்கள். கந்தரப்பம் மாலைக்கு.

19 மார்ச்

புதுக்கோட்டை அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1910-இல் தொடங்கியது. வளரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று போன வாரம் போனேன், வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து. இன்றைக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். பிறை போல வளைந்த கையளவு ஆயுதம். ஒரு முனை கனமாக இருக்கும். எறிந்தால் சுழன்று போய் ஓடுகிறவனின் காலில் விழும். கர்னல் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தது சின்ன மருது என்று எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அதே சின்ன மருதுவை எதிர்த்து வந்த படையிலும் அவர் இருந்தார். கூண்டுக்குள் இருந்த வளரிக்கு முன்னால் அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், ஒரு பையன் வெறுங்கையால் வீசிக் காட்டிக்கொண்டிருந்தான்.

2 ஏப்ரல்

சிறுவயல் பற்றி எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பொங்கலுக்கு மஞ்சுவிரட்டு நடக்கும் சிராவயல் வேறு, மருது இருந்த சிறுவயல் வேறு. வெளியூர்க்காரர்கள் மாற்றிப் போய் இறங்கிவிடுகிறார்கள். சிராவயலுக்கும் தனிப் பெருமை உண்டு. பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா அங்கே ஆசிரமம் நடத்தியபோது, 1927-இல் காந்தி தேடி வந்து பார்த்தார்.

சிறுவயல் காரைக்குடிக்குப் பக்கம், கல்லல் வட்டாரம். சின்ன மருதுவின் ஊர். 1801-இல் கர்னல் அக்னியூவின் படை நெருங்கியபோது ஊரை எதிரி கையில் விடாமல் தாங்களே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கம்பெனிப் படை ஒரு மாதம் பாடுபட்டுத் தோற்றுத் திரும்பியது. பகலில் இவர்கள் வெட்டுவார்கள், காட்டுக்குள்ளிருந்து மருதுவின் ஆட்கள் சுடுவார்கள். இன்றைக்கு அந்த வழியில் பஸ்ஸில் போனால் கருவேலமும் வயலும்தான் தெரிகின்றன. காடே இல்லை. பீரங்கியால் முடியாததை விறகுக்காரர்களும் செங்கல் சூளைகளும் முடித்துவிட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருமயத்தில் கல் கோட்டை. காளையார்கோயிலில் காடே கோட்டை. இரண்டையும் ஒரே பயணத்தில் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கல் கோட்டைக்காரர் கம்பெனியோடு நின்றார், 1803-இல் கீழாநிலைக் கோட்டையும் சீமையும் அவருக்குக் கிடைத்தது. காட்டுக் கோட்டைக்காரர்களைத் தூக்கிலிட்டார்கள். காரைக்குடியிலிருந்து ஒரு பகலில் இரண்டு இடமும் போய்வரலாம். ஆனால் சுற்றுலா வேன்களில் தருகிற பட்டியலில் வீடும் சாப்பாடும் பிள்ளையார்பட்டியும் இருக்கும், இது இருக்காது.

3 ஏப்ரல்

தொண்டைமானைத் துரோகி என்று நான் சொல்லவில்லை. அப்படி எழுதியதாக நினைத்து இருவர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், நிறுத்துங்கள். சுற்றிலும் பெரிய பகை. ஆற்காட்டு நவாப், தஞ்சாவூர், மைசூர், கம்பெனி என்று எல்லாருக்கும் நடுவில் ஒரு சின்னச் சீமை உயிரோடு இருக்கக் கம்பெனி பக்கம் நின்றது. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் வரை தமிழ்நாட்டில் தனி சமஸ்தானமாக நீடித்த பெரிய சீமை புதுக்கோட்டைதான். என் அம்மா வழி புதுக்கோட்டை, அப்பா வழி கல்லல் பக்கம். இரண்டு ரத்தமும் எனக்குள் இருக்கிறது, ஒரு பக்கத்தை ஏசிவிட்டு வீட்டில் சோறு தின்ன முடியாது.

18 ஆகஸ்ட்

நான்கு மாதம் எழுதவில்லை. வெயில் காலத்தில் கோட்டை ஏறச் சொல்லக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

பெரியம்மா பேரன் பினாங்கிலிருந்து வந்திருந்தான். பத்தொன்பது வயது. அவனைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப் போனேன். நம் சிவகங்கைத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. காரைக்குடியிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டர் இருக்கும். பெரிய மருதுவையும் சின்ன மருதுவையும் 1801 அக்டோபர் 24-இல் தூக்கிலிட்டது இங்கேதான். நினைவுத்தூண் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டோ, பழக்கடை, ஸ்கூல் பிள்ளைகள். பையன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான், நானும் வற்புறுத்தவில்லை.

ஜம்புத்தீவுப் பிரகடனம் பற்றிச் சொன்னேன். 1801 ஜூன் 16-இல் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டி, எல்லாச் சாதியாரையும் வெள்ளையருக்கு எதிராகச் சேரச் சொன்னது. தலையாட்டினான். அப்புறம் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியைப் பற்றிச் சொன்னேன். பதினைந்து வயது. தூக்கிலிடாமல், எழுபதுக்கும் மேற்பட்டவர்களோடு 1802-இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி நாடு கடத்தினார்கள்.

"எங்க, சித்தி?"

"பினாங்குக்கு."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான். பினாங்கில் எங்கே வைத்திருந்தார்கள், எப்போது செத்தார், சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மறுநாள் அவனாகவே காளையார்கோயில் போக வேண்டும் என்றான். பெரிய கோபுரத்துக்கு எதிரே இருக்கும் மருதிருவர் சமாதியில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். சரணடையாவிட்டால் கோபுரத்தை இடிப்போம் என்று கம்பெனி மிரட்டியதால்தான் மருதிருவர் வெளியே வந்தார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. அதே ஊரில்தான் 1772-இல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி வேலுநாச்சியார் விருப்பாட்சிக்குத் தப்பிப் போய், எட்டு வருடம் கழித்து 1780-இல் சிவகங்கையை மீட்டார். அதை அவனுக்குச் சொல்லும்போது என் குரலும் தாழ்ந்துவிட்டது, அப்பத்தா குரல் போல.

20 ஆகஸ்ட்

மேலே திருமயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். பையனைக் கடைசி நாள் அங்கேயும் கூட்டிப் போனேன். மூன்று இடத்தையும் போக வேண்டிய வரிசை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: முதலில் திருப்பத்தூர், அப்புறம் காளையார்கோயில், கடைசியில் திருமயம். ஏப்ரலில் நான் திருமயத்தை முதலில் வைத்திருந்தேன். மாற்றிக்கொள்கிறேன். திருப்பத்தூரைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத் திருமயத்தின் மதில் வேறு மாதிரித் தெரியும்.

27 அக்டோபர்

இன்றைக்குக் காளையார்கோயிலில் மருதிருவர் குருபூஜை, ரோடெல்லாம் கூட்டம், அந்தப் பக்கம் போக முடியாது. நான் நேற்றுத் திருமயம் போனேன், அப்பாவோடு.

அப்பா பஸ் டிரைவர். புதுக்கோட்டை காரைக்குடித் தடத்தில் இருபத்தாறு வருஷம் ஓட்டினார். கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, மெயின் ரோட்டின் மேலேயே, கோட்டை பைரவர் வடக்கு பார்த்து இருக்கிறார். அந்த வழியில் போகும் வண்டி நிற்காமல் போகாது. கண்டக்டர் இறங்கித் தேங்காய் விடலை போடுவார், ஜன்னல் வழியாகக் காசு போடுவார்கள், டிரைவருக்குத் திருநீறு வரும். சிறுவயதில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நானும் எத்தனையோ தடவை அந்தத் தேங்காய்ச் சில்லுக்குக் கை நீட்டியிருக்கிறேன். அப்பா ஒரு தடவைகூடக் கோட்டைக்குள் போனதில்லை. டியூட்டியில் எங்கே போவது?

எழுபத்தெட்டு வயது, மூட்டு வலி, மேலே ஏற முடியாது. தெற்கு வாசலுக்கு உள்ளே நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் மேலே போய்வந்தேன். உச்சியில் நின்றபோது வடக்கே ரோடு தெரிந்தது, பைரவர் கோயிலில் ஒரு பஸ் நின்று கிளம்பியது, ஹாரன் சத்தம் மேலே வரை வந்தது. அப்பா ஓட்டிய பஸ் எத்தனை ஆயிரம் தடவை அந்த இடத்தில் நின்று கிளம்பியிருக்கும்! பீரங்கியின் மேல் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே வந்தால் அப்பா மதில் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "வடக்குப் பக்கம் மட்டும்தான்டா பார்த்திருக்கேன். இந்தப் பக்கம் இவ்வளவு உயரமா?" என்றார். ஊமையன் கோட்டை பற்றிக் கேட்டேன், அப்பத்தா ஏன் குரலைத் தாழ்த்துவார் என்று. "அவங்க அம்மா அப்படித்தான் சொல்லுவாங்களாம்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

மறுபடி ஒரு ஹாரன் கேட்டது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொன்னே கால் தேவகோட்டை வண்டி. அஞ்சு நிமிஷம் லேட்டு."